மலையின் பெயரில் விற்ற ஃபின்

அந்த விளம்பரத்தை என் கைப்பேசிக்கு அனுப்பியதே அதைப் போட்ட வியாபாரிதான். பெருமையாக அனுப்பியிருந்தார். நான் வெட்டிக் கொடுத்த அலுமினியத் தகடு, அதன் பின்னால் எங்கள் மலை, கீழே என் பட்டறைப் பெயர். மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: புனித மலையின் அடிவாரத்தில் பிறந்தது, முதல் நாளே உங்கள் ஆட்டம் உயரும். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தகடு பிறந்தது மலையைவிட்டுத் தள்ளி, வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறையில். பக்கத்து மெஷினில் அன்று கடலை உடைக்கிற இயந்திரத்துக்கு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சென்னையில் விளையாட்டுச் சாமான் விற்பவர். மாதம் ஒருமுறை வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கித் தியானம் செய்வார். ஒருநாள் காலையில் கையில் ஒரு சின்னத் தகட்டோடு என் பட்டறைக்கு வந்தார். “இதே மாதிரி, ஆனா இதைவிட நல்லா செய்ய முடியுமா மேடம்?” என்றார்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவரே வீடியோ போட்டுக் காட்டினார். படகு கயிற்றால் இழுக்க, ஒரே பலகையில் இரண்டு கால்களையும் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு, தண்ணீரில் மிதக்கும் ஆறு மிதவைகளை இடமும் வலமுமாக வளைந்து சுற்றிப் போகவேண்டும். ஆறும் முடித்தால் கயிற்றின் நீளத்தைக் குறைப்பார்கள். குறையக் குறையக் கஷ்டம். பலகையின் வால் பக்கத்தில், அடியில், மீனின் துடுப்பு மாதிரி நிற்கும் தகடுதான் ஃபின். திரும்பும்போது பலகை வழுக்கிப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

எனக்கு வேலை பிடித்திருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. நெல் அறுக்கிற மெஷினுக்கும் பம்புக்கும் பாகம் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு, மயிரிழை பிசகாமல் வெட்டவேண்டிய ஒரு பொருள் கிடைத்ததில் சந்தோஷம். கொஞ்சம் கனமான, கெட்டியான அலுமினியத்தில் மூன்று ஓட்டை போட்டுச் செய்து கொடுத்தேன்.

முதல் ஃபின்னை வாங்கிப் போக ஒரு பெண் வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறுகளில் கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பங்கழியில் பயிற்சி செய்கிறவள். பட்டறையிலேயே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சென்னைக்குப் போனதும் அவளுடைய பலகையில் ஃபின்னை அந்த வியாபாரியே மாட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் போன் வந்தது.

“அக்கா, செம்மையா இருக்கு. எப்பவும் போறதைவிட ரெண்டு மிதவை ஜாஸ்தி போனேன்!”

பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் அதை எடுத்து, எனக்கு அனுப்பிய அந்த விளம்பரத்தில் போட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு போட்டி. பயிற்சியில் ஒருமுறைகூட முயன்று பார்க்காத குட்டைக் கயிற்றுக்கு அவள் போயிருக்கிறாள். இரண்டாவது மிதவையில் விழுந்து தோள்பட்டை கழன்றுவிட்டது. நான் சென்னைக்குப் போய்ப் பார்த்தேன். கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாரும்மா உன்னை அதுக்குப் போகச் சொன்னது?”

“ஃபின் விக்கிற சார்தான்க்கா. இந்த ஃபின் இருக்கும்போது ஏன் பயப்படறேன்னாரு. விழுந்ததுக்கு ஃபின் மேல தப்பு இல்லையாம். நான்தான் ஒழுங்கா திரும்பலையாம்.”

நன்றாகப் போனால் ஃபின் சாமர்த்தியம். விழுந்தால் அவள் தப்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் மேல் மட்டுமில்லை, என் மேலும் கோபம். செய்து கொடுத்ததைத் தவிர அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு போன் காலை நம்பி நானும்தானே ஊரெல்லாம் சொன்னேன்?

தோள் சரியாகி, டாக்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லி, அவள் பழையபடி பலகையில் ஓட ஆரம்பித்த பிறகு, நான் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு உப்பங்கழிக்குப் போனேன். முதல் வேலையாக அளந்து, பலகையோடு வந்த அளவுத் தாளோடு ஒப்பிட்டேன். என் ஃபின்னை மாட்டும்போது அவர் அதைப் பழைய ஃபின் இருந்த இடத்தில் வைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளி, கொஞ்சம் ஆழமாக இறக்கியிருந்தார். ஃபின்னையும் மாற்றி, அது நிற்கிற இடத்தையும் மாற்றிவிட்டு, பலன் ஃபின்னால் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? என் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பலகையோடு வந்த பழைய ஃபின்னை அதே இடத்தில், அதே ஆழத்தில் வைத்தேன். என் ஃபின்னில் இருந்த மூன்று ஓட்டைகளை மெழுகால் அடைக்கலாமா என்று யோசித்து, அது வேறொரு மாற்றமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இரண்டுக்கும் கறுப்புச் சாயம் அடித்தேன். ஒவ்வொரு முறையும் நானே மாட்டி, அவள் பார்க்காதபடி துணி சுற்றித் தண்ணீர்வரை தூக்கிப் போய்க் கொடுத்தேன். படகு ஓட்டியவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் காலையில் ஓடினாள். ஓடி முடித்ததும் எந்த ஃபின் என்று அவள் சொல்லவேண்டும். பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னாள். காற்றில்லாதபோது இரண்டிலும் நன்றாகப் போனாள். காற்று எழுந்தால் இரண்டிலும் திணறினாள். கடைசியில் பழைய ஃபின்னைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். முதல் திருப்பத்திலேயே, “அய்யோ, இது வழுக்குதுக்கா!” என்று கத்தினாள்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஃபின் செய்ததாகச் சொன்ன வேலையை ஒரு வெர்னியரும் திருகாணி திருப்பும் ஒரு ஆலன் கீயும் செய்துவிட்டன. உலகத்தில் தனியாக விற்கும் எல்லா ஃபின்னும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் செய்தது, அவள் பலகையில், அந்தத் தண்ணீரில், எதையும் கூட்டவில்லை.

அடுத்த முறை அந்த வியாபாரி தியானத்துக்கு ஊருக்கு வந்தபோது தங்குமிடத்துக்கே போனேன். கீழே காபி குடிக்கும் இடத்தில் வெளிநாட்டுக்காரர் இருவரிடம் ஃபின்னைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து அறிமுகப்படுத்தினார். நான் உட்காரவில்லை.

“சோதிச்சுப் பாத்துட்டேங்க. பழைய ஃபின்னை அதே எடத்துல வெச்சா அதுவும் இப்படித்தான் போவுது. விளம்பரத்தை எடுத்துடுங்க.”

அவர் சிரித்தார். “நம்பிக்கைதான் மேடம் பாதி ஆட்டம்.”

“நம்பித்தாங்க அந்தப் பொண்ணு தோள் கழண்டு விழுந்துச்சு.”

“நீங்க ஒரு நாளாவது தண்ணில இறங்கி ஓடியிருக்கீங்களா?”

“இல்லீங்க. ஆனா அளக்கத் தெரியும். நீங்க அளந்தீங்களா?”

அவர் அந்த வெளிநாட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “இந்த மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டு இவ்ளோ கோபப்படலாமா?” என்றார்.

“நான் இந்த ஊர்லயே பொறந்தவங்க. இங்க குழாய்ல தண்ணி வராட்டியே எங்களுக்குக் கோபம் வரும்.”

தமிழ் புரியாத அந்த இருவரும் ஃபின்னை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டார்கள். இனி ஒரு ஃபின்கூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றே பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்த ஃபின் வரைபடத்தையும் அழித்தேன்.

என் பட்டறைப் பெயரையும் அவள் சொன்ன வரியையும் எடுத்தார். மலையை எடுக்கவில்லை. ஃபின் இப்போது வேறேதோ ஊரில் செய்யப்படுகிறது. அடிவாரத்தில் பிறந்தது என்றுதான் இன்னும் விற்கிறார். 

போன மாதம் அவள் போன் செய்தாள். அவள் விழுந்த அதே குட்டைக் கயிற்றில், முன்னால் தள்ளி மாட்டிய பழைய ஃபின்னோடு, மூன்று மிதவை சுற்றியிருக்கிறாள். ஒரு வருஷம் விடாமல் செய்த பயிற்சி.

“எல்லாரும் வந்து என்ன ஃபின்னுனு கேட்டாங்கக்கா.”

“நீ இன்னா சொன்ன?”

“பலகையோட வந்ததுதான்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பலை.”