தம்பியின் கேன்டீனைப் பூட்டிய அக்கா

அந்தத் தையல் ஆலையில் அவரை நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர்கள் அலுவலகத்தில் இருக்கும் நாலைந்து பேர்தான். மற்ற நானூறு பேருக்கும் அவர் தண்ணியக்கா. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை தலைவலி என்று முதலுதவி அறைக்குள் போய் வந்தால் விஷயம் புரிந்துவிடும். மாத்திரைக்கு முன்னால் பெரிய டம்ளரில் தண்ணீரை நீட்டி, கடைசி மடக்கு உள்ளே போகும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி வெட்டும் பிரிவுக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, விடியறதுக்குள்ள பத்துத் தடவை போயாச்சு. குடலை முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு."

உடம்பு கொதித்தது. நூற்றிரண்டு டிகிரி. அவர் படுப்பதற்குள் இஸ்திரிப் பிரிவிலிருந்து இருவர் வந்தார்கள். பதினொரு மணிக்குள் பதினாலு பேர். கட்டில் போதாமல் தரையில் துணி மூட்டைகளைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். "எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு லீவுக்கு அடி போடறாங்கம்மா."

"மனுஷங்க நடிப்பாங்க சார். தெர்மாமீட்டருக்கு நடிக்கத் தெரியாது."

நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, முதலில் வந்தது வாந்தியா, பேதியா, காய்ச்சலா? சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்திருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். இவர்களுக்கோ அரை நாளுக்கு மேல் கழிந்து, காய்ச்சலும் குளிருமாகத் தொடங்கியிருந்தது. பதினாலு பேரும் திங்கள் மதியம் கேன்டீனில் முட்டை ரொட்டி சாப்பிட்டவர்கள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த ஒருவர்கூட அந்த அறைக்கு வரவில்லை. ரொட்டிக்குள் தடவியது பச்சை முட்டையை அடித்துச் செய்யும் மயோனெய்ஸ்.

முட்டை வழியாகப் பரவும் சால்மொனெல்லா கிருமியாக இருக்கும் என்று அவர் மனசு சொல்லிவிட்டது. கேன்டீனை நடத்துவது அவருடைய சொந்தத் தம்பி.

"பேதியை நிறுத்தற மாத்திரை ஒண்ணு குடுங்கக்கா," என்று இஸ்திரிக்காரர் கெஞ்சினார்.

"காய்ச்சலோட போறப்ப அதைக் குடுத்தா, திருடனை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின கதைதான். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும். ஆன்டிபயாடிக் யாருக்கு வேணும்னு டாக்டர் சொல்லட்டும்."

இரண்டு பேரை மட்டும் அவர் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. பொத்தான் பிரிவில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி. இன்னொருவர் வயசான வாட்ச்மேன். நாக்கு காய்ந்து, காலையிலிருந்து சிறுநீரே கழிக்காமல், கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலோடு கண் சொருகினார். இருவரையும் ஆலை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் போனில் சொன்னபடி, மற்றவர்களிடம் பரிசோதனைக்கு மலம் சேகரித்தார். பிறகு கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார்.

தம்பி மதியச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காதேப்பா."

விஷயத்தைக் கேட்டதும் கத்தியை மேசைமேல் போட்டான். "கூடப் பிறந்தவளே குழி பறிக்கலாமாக்கா? ஊர்ல வெயில் அடிக்குது, யாருக்கும் வயிறு கெடாதா? என் கை மேல எப்ப பழி வந்திருக்கு?"

அவர் குளிர்பெட்டியைத் திறந்தார். விளக்கு எரிந்தது, ஆனால் உள்ளே குளிர்ச்சியே இல்லை. வெண்ணெய்க் கட்டி விரல் பட்டதும் குழைந்தது. மிச்சமிருந்த மயோனெய்ஸில் கொஞ்சம் எடுத்து டப்பியில் அடைத்தார். தம்பியும் அந்த வெண்ணெயைப் பார்த்தான். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வைத்தான். அவரே கதவைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்து, சுகாதார அலுவலகத்துக்கும் போன் செய்தார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நோயாளிகளிடமும் மயோனெய்ஸிலும் ஒரே சால்மொனெல்லா. தம்பியையும் சோதித்தார்கள், வயிற்றுவலி ஒன்றுமில்லாமலே அவன் உடம்பிலும் கிருமி இருந்தது. வாட்ச்மேனுக்கு அது ரத்தத்தில் கலந்திருந்ததால் ஊசி வழியாக மருந்து ஏற்றிப் பத்து நாள் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். கர்ப்பிணியும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் தையல் மிஷினுக்குத் திரும்பினார்கள்.

தம்பி அக்காவோடு பேசவில்லை. ஆனால் வாட்ச்மேன் வீடு திரும்பிய அன்று அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். மறுநாள் முதலுதவி அறைக்கு வந்தான்.

"என்னை நாலு வார்த்தை திட்டுக்கா."

"திட்டினா குளிர்பெட்டி ஓடுமா? புதுசு வாங்கு. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வை. முட்டையை முழுசா வேக வை. அடுத்தடுத்து எடுக்கற ரெண்டு சோதனையிலயும் உன் உடம்புல கிருமி இல்லேன்னு வர்ற வரைக்கும் கரண்டியைத் தொடாதே."

அவனும் தொடவில்லை. சோதனைகள் முடிந்து, சுகாதார அலுவலரும் பார்த்துவிட்டுப் போன பிறகு கேன்டீன் திறந்தது. மதிய மணி அடித்தும் யாரும் உள்ளே போகவில்லை. கதவோரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நர்ஸம்மா உள்ளே போய் முதல் தட்டை எடுத்தார். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். தம்பி பரிமாறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்ததாக இஸ்திரிக்காரர் தட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது.