மீன் கம்ப்யூட்டரும் ஏழாம் நம்பர் சீட்டும்

ஷமீமா நாட்காட்டித் தாளை நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தார். போன வருடத்து நாட்காட்டி, பின்பக்கம் வெள்ளை. ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண், அதன் கீழே கோழி கிளறியது போல் அவருடைய கையெழுத்து. யாரும் கள்ளச் சீட்டு கொண்டுவந்துவிடக் கூடாதாம். தாராவிச் சந்து ஒன்றில், ஆறடிக்கு எட்டடி ஃபாரம் கடையில் கள்ளச் சீட்டு அடிக்க யார் மெனக்கெடப் போகிறார்கள்? கேட்டால், "மெனக்கெட மாட்டாவன்னு நெனக்கிற எடத்துலதான் மெனக்கெடுவாவ" என்பார்.

பாஸ்போர்ட், ரேஷன் அட்டை, கல்யாணப் பதிவு, கல்லூரி உதவித்தொகை எல்லாம் அவர் கையால் கணினிக்குள் போகும். சுவரோரம் நீல ஸ்டூல்கள். அவர் மேசைக்கு எதிரே ஒரு சிவப்பு ஸ்டூல். சீட்டு எண் கூப்பிட்டால் மட்டுமே சிவப்பில் உட்காரலாம். ஒருமுறை அவருடைய கணவரின் அண்ணன் "நம்ம கடதான" என்றபடி நேராகச் சிவப்பில் அமர்ந்தார். பதினோராம் சீட்டை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நீலத்தில் கிடந்துவிட்டுப் போன அந்த மனிதர், இப்போதெல்லாம் தம்முடைய ஃபாரங்களை ரயிலேறி வாஷிக்குப் போய் நிரப்பிக்கொள்கிறார். போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். நிம்மதியாக இருக்கிறதாம்.

கடைக்கணினியின் திரையில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உப்பி நிற்கும் மீன் ஒன்று இருக்கிறது. அதனால் சந்து முழுக்க அதற்கு மீன் கம்ப்யூட்டர் என்றே பெயர். உள்ளே ஓடுவது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். இரண்டு வருடங்களுக்கு முன் விண்டோஸ் ஓடிய நாளில் ஏதோ வைரஸ் நுழைந்து, முந்நூறு பேருடைய ஆவணங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஷமீமா கொடுக்கவில்லை. ஸ்கேனரை ஒரு பையில் போட்டுக்கொண்டு முந்நூறு வீட்டுப் படியும் ஏறி இறங்கினார். பிறகு, திருடன் எளிதில் நுழைய முடியாதது எது என்று ஊரெல்லாம் விசாரித்து இந்த மீனைக் கொண்டுவந்து குடிவைத்தார். சந்தில் இதை வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்பது குறையா, பாதுகாப்பா என்பதில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

சென்ற மாதம் உதவித்தொகைக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடும். மத்தியானம் ஒரு மணிக்கு இணையப் பெட்டி புகைந்தது. கேபிள்காரர் நாகூர் மீரான் இரண்டு மணிக்குப் புதுப் பெட்டி மாட்டிவிட்டு, தன் கைபேசியில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஓடவிட்டுக் காட்டினார். "ஓடுது பாருங்க லாத்தா. ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

மீனில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"எம் ஃபோன்ல ஓடுதுல்லா. ஒங்க மீனுக்குத்தான் சீக்கு" என்றார் நாகூர் மீரான்.

"பழைய பெட்டியவே மாட்டுங்க."

"அது பங்கார்ல, பழைய இரும்போட போயாச்சு லாத்தா" என்று சொல்லிக்கொண்டே அவரும் போயாச்சு.

மத்தியானக் கூட்டத்தில் பதினொரு பேர். ஏழாம் சீட்டு ஷமீமாவின் மகள் சாயிமாவுடையது. கல்லூரியில் கையெழுத்து வாங்கிவர நேரமாகிவிட்டதால் ஏழாம் இடம். இந்த உதவித்தொகை வந்தால்தான் அவளுக்கு அடுத்த வருடக் கல்லூரி என்பது நீல ஸ்டூல்கள் எல்லாவற்றுக்கும் தெரியும்.

ஷமீமா முதலில் ஓர் இணைய முகவரியை எண்ணாகத் தட்டிப் பார்த்தார். பதில் வந்தது. அதையே பெயராகத் தட்டினார். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. "ரோடு நல்லாத்தான் இருக்கு. விலாசம் சொல்லுதவந்தான் சரியில்ல. அவரு ஃபோனுக்கு விலாசம் கேக்க வேற ஆளு இருக்கும்" என்றார். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஆளை, அதாவது இன்னொரு கணினியை, எங்கே கேட்பது என்று கணினி ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்திருக்கும். திறந்தார். ஒரே வரி, அதில் புதுப் பெட்டியின் எண்.

நம்பகமான வேறொரு ஆளின் எண் அவரிடம் எழுதி இருந்தது. அதைச் சேர்த்தார். எங்கே சேர்த்தார்? கடைசியில்தான். புதிதாக வருகிறவர் கடைசியில்தானே நிற்க வேண்டும். பதினைந்து வருடப் பழக்கம் விரலுக்குள் இருக்கிறது.

பலனில்லை. முதல் வரியில் நின்ற பெட்டி எதைக் கேட்டாலும், விசாரிக்காமலே "அப்படி யாரும் இங்க இல்ல" என்றது. கூரியர்காரர்களுக்கு இந்தச் சந்தில் தினமும் கிடைக்கும் அதே பதில். கணினியும் கூரியர்காரர் போலவே, அடுத்த ஆளைக் கேட்காமல் திரும்பிப் போனது.

மணி மூன்று. "உம்மா, விண்டோஸ் போட்டிருந்தா இந்த லஃப்டா எதுக்கு?" என்றாள் சாயிமா.

"விண்டோஸ் போட்டு முந்நூறு வீடு ஏறினது நீயாளா, நானா?"

கடைசி நான்கு பேர் எழுந்து பெரிய ரோட்டுக் கடைக்குப் போனார்கள். அங்கே வரிசை மருந்துக்கடையைத் தாண்டி நிற்கிறது என்று சேதி வந்தது. தளமோ கைபேசியில் திறந்தால் பாதிப் பொத்தான்களைக் காட்டாத ரகம். ஒன்று முதல் ஏழு வரை அசையவில்லை.

ஷமீமா தன் வரியை மேலே ஏற்றினார். மனசுக்கு ஒப்பவில்லை, ஏற்றினார். சேமித்து மறுபடி திறந்தால், பெட்டியின் வரி மேலே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி இறக்கினார். மறுபடி ஏறியிருந்தது. மூன்றாம் தடவை அவர் முகத்தில், கணவரின் அண்ணன் சிவப்பு ஸ்டூலில் அமர்ந்த நாளின் களை வந்தது.

"யாரோ உள்ள இருந்து ஏத்தி விடுதாவ" என்றார்.

"எத்தன மணிக்கு முடியும் தங்கச்சி?" என்று கேட்டார் ஒன்றாம் சீட்டு நெல்லையப்பன். அவருக்கும் மகளுக்காக ஒரு ஃபாரம்.

"அவன் யாருன்னு தெரிஞ்ச அடுத்த நிமிசம் முடியும்ணே."

ஷமீமா ஃபாரம் படிக்கிறவர். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுகையில் அவர் அடிக்குறிப்பைத் தேடுவார். பெட்டியின் வரியை வால் வரை படித்தார். வாலில், அதைக் கொண்டுவந்து வைத்த நிரலின் பெயர் பொடியாக இருந்தது. சிபாரிசுக் கடிதத்தின் மூலையில் இருக்கும் கிறுக்கல் மாதிரி. மீனுக்குள்ளேயே அதன் கையேடும் உண்டு; இணையம் வேண்டாம். அரசாங்க ஆங்கிலத்தில் ஊறிய கண்ணுக்கு அது தேனாக இறங்கியது. வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பெட்டியிடமிருந்து இணைப்பு வாங்கிவரும் நிரல் ஒன்று. அது கொண்டுவரும் எண்ணை மேலே ஏற்றிவைக்கும் நிரல் இன்னொன்று. முதலாவதிடம், "இணைப்பை வாங்கிக்கோ, விலாசம் சொல்லுகிற ஆளை வாங்காதே" என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

எழுதினார். மூன்றாம் வரியில் பிழை என்றது. உற்றுப் பார்த்தால், திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை.

"ஊரு ஃபாரத்தையெல்லாம் கையெழுத்து இல்லன்னு திருப்பி விடுதேன். இது என்னையத் திருப்பி விடுது" என்றார். அன்று கடையில் சிரிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். குறியை மூடினார். நிரலை நிறுத்தி எழுப்பினார். கோப்பைத் திறந்தார். மேலே ஏற ஆளில்லை. அவர் எழுதிய ஒரே வரி.

பெயரைத் தட்டினார். எண் வந்தது. தளம் திறந்தது. மணி நான்கு பதினாறு.

ஒரு ஃபாரத்துக்கு ஆறு நிமிடம். ஏழுக்கு நாற்பத்திரண்டு. கணக்குச் சரியாக வந்தால் ஏழாவது நான்கு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேரும். கடைசி நாளில் அரசாங்கத் தளம் ஒன்று கணக்குச் சரியாக நடந்துகொண்டதாக இதுவரை யாரும் புகார் செய்ததில்லை.

ஃபாரங்களைச் சீட்டு வரிசைப்படி அடுக்கி வைத்திருந்த கிளிப் பலகையை எடுத்தார். மேல் தாளில் சாயிமாவின் புகைப்படம்.

"யாரு இத மேல வச்சது?"

நீல ஸ்டூல்கள் மின்விசிறியைப் பார்த்தன. சாயிமா தரையைப் பார்த்தாள்.

"நாந்தான் தங்கச்சி" என்றார் நெல்லையப்பன். "நாங்க ஆறு பேரும் பேசிக்கிட்டுதான் வச்சோம். ரெண்டு மணி நேரமா மல்லுக்கட்டினது நீ. மொதல்ல ஒம் மவளோடத அனுப்பிரு."

ஷமீமா அந்தப் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"ஒண்ணாம் நம்பர்" என்று கூப்பிட்டார். காலால் சிவப்பு ஸ்டூலை நெல்லையப்பன் பக்கம் தள்ளினார். மேல் தாளை உருவி, கட்டின் அடியில் செருகி, ஓரம் பிசிறில்லாமல் மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.