எரிக்கச் சொன்ன சீட்டு

மணிக்காரிக்குப் புதுப் போதகரைக் கண்டாலே ஆகாது. பத்தொன்பது வருடமாக அந்தக் கோயிலில் மணியடித்து, பெஞ்சு துடைத்து, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றி வருகிறவள் அவள். எத்தனையோ போதகர்கள் வந்தார்கள், போனார்கள். வந்த மூன்றாம் வாரமே சபையில் பக்தி கொழுந்துவிட்டு எரிய வேண்டும், எழுப்புதல், எழுப்புதல் என்று ஆலாய்ப் பறந்தவர் இவர் ஒருவர்தான். எழுப்புதல் வந்தால் தரை தானாகச் சுத்தமாகிவிடுமா என்று அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பாள்.

போதகருக்கு எசேக்கியேல் தீர்க்கதரிசிதான் எல்லாம். கடவுள் தம் ஜனங்களுக்குள் இருக்கும் கல் இருதயத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சதையால் ஆன இருதயத்தை வைப்பார் என்று அந்தத் தீர்க்கதரிசி முன்னறிவித்ததையே நாற்பது நாள் உபவாசக் கூட்டத்திலும் பேசினார். கடைசி நாள் சனிக்கிழமை. ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்து, மனதை அறுக்கும் பாவத்தைச் சீட்டில் எழுதி, கல்லில் சுற்றி, பீடத்தடியில் இருந்த தொட்டியில் போடச் சொன்னார். சபையே குலுங்கி அழுதது. மணிக்காரி மட்டும் போடவில்லை. தான் யார் குடியையும் கெடுத்ததில்லை என்பது அவள் எண்ணம்.

கூட்டம் கலைந்ததும் போதகர் அவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய் எரித்துவிடும்படியும், ஒன்றையும் பிரிக்கக் கூடாதென்றும் சொன்னார். வேதத்தைக் கரைத்துக் குடித்த மனுஷனுக்கு நெருப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கல்லோடு ஒட்டிய காகிதம் மேலே கருகியதோடு நின்றுவிட்டது. அவரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்துத் தணலில் போட்டாள். ஊரார் பாவம் யாருக்கு வேண்டும்? பாதிக்கு மேல் அவள் பார்க்கவேயில்லை. ஒரு சீட்டில் ‘அண்ணன் மகள்’ என்ற இடத்தில்தான் கண் நின்றது.

அண்ணன் மகளுக்கு நிச்சயமான அச்சாபீஸ் மாப்பிள்ளையின் வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போட்டது தான்தான் என்றும், அதில் இருந்தது பச்சைப் பொய் என்றும் எழுதியிருந்தது. எழுத்து அவளுடைய நாத்தனாருடையது. பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கும் அதே உருண்டை எழுத்து.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கடிதத்தால் நின்றது மணிக்காரி மகளின் கல்யாணம். டைப் அடித்த கடிதம். பெண்ணுக்கு வேறொருத்தனோடு பழக்கம் என்று நாக்கில் நரம்பில்லாமல் எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை வீசியெறிந்துவிட்டுப் போனதும், மணிக்காரி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்து வெளுத்துவிட்டாள். மறுவாரமே பெண் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது போனில் நல்லா இருக்கியா என்று கேட்பாள், பதில் வந்ததும் வைத்துவிடுவாள். அன்றைக்கு மணிக்காரியைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதவள் இந்த நாத்தனார்தான். அந்தச் சீட்டை மட்டும் தணலில் போடாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாத்தனார் வாசலில் நின்று எல்லோரையும் கட்டிக்கொண்டிருந்தாள். மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டதாம். மணிக்காரியிடமும் கையை விரித்துக்கொண்டு வந்தாள். மணிக்காரி சீட்டை நீட்டினாள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

போதகர் ஓடிவந்தார். எரிக்கச் சொன்னதைப் படிப்பதா, அது ஆண்டவருக்கும் அந்த ஆத்துமாவுக்கும் நடுவில் உள்ள விஷயம், இன்னும் உன் இருதயம்தான் கல்லாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார்.

“அவ கல்லை ஆண்டவர் எடுத்துட்டாரு, சரி. எடுத்ததை எங்க போட்டாருன்னு கேட்டீங்களா ஐயா? என் தலையில போட்டிருக்காரு” என்றாள் மணிக்காரி. பிறகு நாத்தனாரிடம் போனை நீட்டினாள். “இப்பவே என் பொண்ணுகிட்ட சொல்லு.”

நாத்தனார் ஓரடி பின்வாங்கினாள். “ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு அண்ணி. மனுஷங்ககிட்ட எதுக்கு?”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவரவர் சீட்டையும் இவள் படித்திருப்பாளோ என்ற பயம் அவர்களுக்கு. இனி மணியடிக்க வேறு ஆள் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். மணிக்காரி கோயில் சாவியைப் போதகர் காலடியில் விட்டெறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள். நடந்துகொண்டே மகளைக் கூப்பிட்டாள். உள்ளுக்குள் ஒரு வெறி, ஒரு சந்தோஷம்கூட.

“அந்தக் கடிதம் பொய்டி. உங்க அத்தைதான் எழுதியிருக்கா. அவளே ஒத்துக்கிட்ட சீட்டு என் கையில இருக்கு.”



“பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா” என்றாள் மகள். “அத்தை என்ன வேணா எழுதட்டும். நீ ஏன் நம்புன?”

நாத்தனாரைத் திட்ட ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவளுக்கு இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.