அண்ணையின் பேரில் ஓடிய லொறி

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் அண்ணை சமையல்காரர். சொந்த அண்ணை இல்லை. எங்கடை ஊர்ப்பக்கம், அவ்வளவுதான். அவருக்கு நிரந்தர விசா இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. எனக்கு இரண்டும் இல்லை. திருப்பி அனுப்பாமல் பொறுத்து வைத்திருக்கிறோம் என்று ஒரு காகிதம் மட்டும் தந்திருந்தார்கள். அதிலும் இந்த மாநிலத்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது.

எங்கடை ஆட்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. விசா உள்ளவர் பேரில் எடுப்பது, காசைக் கையில் கொடுப்பது. வீட்டு ஒப்பந்தம், கார்க் காப்புறுதி எல்லாம் அப்படித்தான் ஓடின. இணையக் கடையில் விளையாட்டு வாங்க ஆசை வந்தபோது நானும் அண்ணையைத்தான் கேட்டேன்.

பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு பேரும் இருந்தோம். நிபந்தனைகள் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீளமான எழுத்தைக் கண்டால் யாரையாவது வாசிக்கச் சொல்லுவேன்.

"அண்ணை, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன். பிறகு ஏதும் வில்லங்கம் வந்தால்?"

"டேய், இதை வாசிச்சு முடிக்க உனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும். தள்ளு."

சம்மதம் என்ற பொத்தானைத் தானே அமத்தினார். அவர் பேர், அவர் கணக்கு.

நான் வாங்கியதில் எனக்குப் பிடித்தது லொறி ஓட்டுகிற விளையாட்டு. ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றி இறக்கலாம். முதல் தடவை எல்லையைத் தாண்டும்போது, பொலிஸ் மறிக்கப் போகிறது என்று உண்மையாகவே நெஞ்சு இடித்தது. ஒருத்தரும் மறிக்கவில்லை. பிறகு சொந்தமாகக் கொம்பனி தொடங்கினேன். வேலைக்கு ஆள் வைத்தேன். நாளைக்கு என்ன நடக்குமோ என்று நினைக்காமல் நான் இருந்தது அந்த லொறிக்குள் மட்டும்தான்.

ஒருநாள் திறக்கப் பார்த்தால் எல்லாம் பூட்டியிருந்தது. அண்ணையின் மனிசி கணக்குச் சீட்டில் தெரியாத கொம்பனிப் பேரைக் கண்டு, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று வங்கியில் சொல்லிக் காசைத் திருப்பி எடுத்திருக்கிறா. வங்கிக் கணக்கிலிருந்து கடை தானாக எடுக்கும் காசை இங்கே அப்படித் திருப்பலாம். திரும்பியது ஒரு விளையாட்டின் காசு. கடை பூட்டியதோ நான் வாங்கிய எல்லாவற்றையும்.

பயத்தில் நானே கடைக்கு எழுதினேன். தெரியாமல் நடந்த பிழை, விளையாடுவதும் காசு கொடுப்பதும் நான்தான், திரும்பக் கட்டுகிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கணக்கை வேறு ஆள் பாவிப்பது நிபந்தனைக்கு மாறானது, ஆகவே இனித் திறக்க மாட்டோம் என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னதுக்கு அதுதான் பரிசு.

நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டா. ஒரு பிழைக்காகக் காசு கட்டிய எல்லாவற்றையும் பூட்டலாம் என்று கடை எழுதி வைத்தாலும், அது இந்த நாட்டுச் சட்டத்தில் நிற்க வேண்டும் என்றில்லை, நான் எழுதிப் பார்க்கிறேன் என்றா. எனக்கு உயிர் வந்தது. ஆனால் வாங்கியவர் நீங்கள் இல்லையே, அவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றா.

அண்ணையிடம் சொன்னேன்.

"ஓம் ஓம், வாறன். வெள்ளிக்கிழமைதானே? நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. வழி தவறியிருப்பார், ட்ராம் பிந்தியிருக்கும் என்று நானே அந்தப் பெண்ணுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ என்னிடம் அண்ணையின் நம்பரை வாங்கி, எனக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டு எடுத்தா. என் பேரைச் சொல்லி, இவருக்காகத்தானே நீங்கள் கணக்குத் திறந்தீர்கள் என்று கேட்டா.

எங்கள் உணவகக் குசினிப் புகைபோக்கியின் இரைச்சல் கேட்டது. பிறகு அண்ணை, நல்ல மரியாதையான ஜெர்மனில், "மன்னிக்க வேண்டும், அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தா. இதுதான் ஆள் என்று சொன்னால் அவரை விசாரிப்பார்களோ, என் காகிதத்தையும் கேட்பார்களோ?

"நம்பரைப் பிழையாகத் தந்திட்டன்" என்றேன்.

அவ நம்பவில்லை. அப்படியென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மெதுவாகச் சொன்னா.

வெளியே வர போன் அடித்தது.

"தம்பி, நீ பக்கத்திலையே இருந்தனி?"

"ஓம் அண்ணை."

"குடியுரிமை தாங்கோ எண்டு அன்ராக் எழுதிப் போட்டிருக்கிறன். இந்த நேரம் ஒரு கந்தோர்க் காகிதத்திலையும் என்ரை பேர் அடிபடக் கூடாது. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக ஏலாதடா. விளங்குதே?"

"விளங்குது."

"கோவமே?"

"இல்லை."

"அப்ப கெதியா வா. கோப்பை மலையா குவிஞ்சு கிடக்கு."

போனேன். வேறு எங்கே போவது? அடுப்படியிலிருந்து, "தம்பி, சாப்பிட்டியே?" என்று கேட்டார். நான் தண்ணீர்ப் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.