வியன்னாவில் அகப்பட்ட மூவர்

தென் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் என் கணவர் ஒரு சின்னக் கடை நடத்துகிறார். பாலும் பாணும் வெங்காயமும் விற்கிற அந்தக் கடையில் காலை ஆறு மணியிலிருந்து மேற்கத்திய செவ்வியல் இசை ஓடிக்கொண்டிருக்கும். முன்பிருந்த கடைக்காரர் விட்டுப்போன வானொலி வேறு எந்த நிலையத்தையும் பிடிக்காததால்தான் முதலில் கேட்கத் தொடங்கினார். இருபது வருடத்தில் அது பைத்தியமாக முற்றிவிட்டது. இது எந்த சிம்பொனியின் எத்தனையாவது பகுதி என்று பால் வாங்க வருகிறவர்களுக்கு விளக்குவார். அவர்கள் பாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அந்த இசை வளர்ந்த வியன்னாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஊர் கேக்குகளைத் தின்ன வேண்டும் என்பது என்னுடையது. நாலு நாளுக்கு டிக்கெட் போட்டோம். போட்ட மறுவாரம், வட லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா தன் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மண்டபம் எடுத்திருப்பதாக அறிவித்தார். நாங்கள் வியன்னாவில் இருக்கப்போகிற அதே சனிக்கிழமை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருடத்தில் அவர் வீட்டு விழாக்களில் அது மூன்றாவது. அத்துடன் அக்காவை எனக்குத் தெரியும். சொன்னால் எங்களுக்காக விழா நாளையே மாற்றிவிடுவார், பிறகு தப்ப வழியே இருக்காது. நான் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை செய்கிறேன். வீடில்லாதவர்களுக்கான அவசரப் பிரிவு. ஆகவே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில், "சனிக்கிழமை எனக்கு ஷிப்ட், மாத்த ஏலாது. இவருக்கும் கடையை விட்டிட்டு வர ஏலாது" என்று எழுதினேன்.

அதற்குக் கீழேயே மனோர் பார்க் அண்ணையின் செய்தி வந்தது. "முதுகு நோ. பத்து நிமிசம் நிக்க ஏலாமல் கிடக்கு."

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் இருக்கும் அண்ணை எங்களுக்குத் தூரத்து உறவு. கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். முந்தின வருடக் கோயில் கலைவிழாவில் ஒரு பிள்ளை பியானோ வாசிக்கக் கேட்டபோது, "உந்த வெள்ளைக்காரச் சத்தமெல்லாம் இஞ்ச வேண்டாம்" என்று மறித்தவர். அவருடைய முதுகுக்காக நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் வியன்னாவில் ஓபரா பார்க்கப் போனோம். இருக்கை டிக்கெட் எங்களுக்குக் கட்டாது. நின்று பார்க்கிற டிக்கெட் மலிவு. நிற்கிற இடத்தின் முன்னால் ஒரு கம்பி இருக்கிறது. அதில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் இடம் உங்களுடையது, காலாற உலாவிவிட்டு வரலாம். யாரும் தொடமாட்டார்கள். நாங்கள் இதை அறியாமல் வந்ததால் கணவரின் கைக்குட்டையை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டோம்.

பக்கத்து இடத்தில் சரிகைக் கரை வைத்த பட்டுச் சால்வை கட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, இது எங்கட ஆக்களின்ர சால்வையெல்லோ?"

"இந்த ஊர் ஒஸ்ரியாக்காரரும் இப்ப கட்டுகினமாக்கும்" என்றார் கணவர். அவருக்கு மேடைத் திரையை விட்டுக் கண்ணெடுக்க மனமில்லை.

விளக்குகள் மங்கத் தொடங்கியபோது சால்வைக்காரர் வந்தார். கோட், டை, பளபளக்கும் சப்பாத்து. விறுவிறுவென்று படியிறங்கி வந்த மனோர் பார்க் அண்ணை எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீர் ஷிப்டிலயெல்லோ?" என்றார்.

"உங்கட முதுகு?"

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "இருந்தால்தான் நோகுது. நிண்டால் சுகம்."

மூன்று மணிநேர ஓபரா. நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். முன்னால் நின்ற உயரமான பெண்மணி திரும்பி முறைத்தார்.

இடைவேளையில் அண்ணை எல்லாவற்றையும் கொட்டினார். எட்டு வருடமாக வருகிறாராம். வீட்டில் சூரிச்சிலிருக்கும் தங்கையிடம் போவதாகச் சொல்வாராம். "கோயில்ல பேசின பேச்சுக்கு இப்ப எப்பிடிச் சொல்லுறது? பேசேக்க எனக்கு இதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டும் சொல்ல ஏலாது."

"எட்டு வருசமா வாறீங்கள், போன வருசம்தானே அந்தப் பிள்ளையை மறிச்சனீங்கள்?" என்றேன்.

"அந்தப் பிள்ளை பிழையாயெல்லோ வாசிக்கிறது" என்றார் அண்ணை.

நான் சரவிளக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் போனில் அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. படமெடுக்கப் போன விரல் அதிலேயே பட்டுவிட்டது. கணவர் குனிந்தார். அண்ணை ஒரு பளிங்குத் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலில் முதுகுநோவின் அடையாளமே இல்லை.

"நீ வராதது ஒரு குறைதான் பிள்ளை" என்றார் அக்கா, பின்னணியில் தவில் முழங்க. "அதென்ன உனக்குப் பின்னால தங்கமா மின்னுது?"

"ஒஃபிஸ், அக்கா. புதுசாத் திருத்தினவை."

"கவுன்சில் ஒஃபிஸோ? அதுதான் வரியை இப்பிடி ஏத்திப்போட்டாங்கள்!"

இணைப்பு சரியில்லை என்று சொல்லித் துண்டித்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து வந்த அண்ணையின் சிரிப்பு நிற்க ஐந்து நிமிடம் ஆனது.

அடுத்த பாதியில் ஒரு பெண் தனியாக நின்று பாடினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, கம்பியிலிருந்த சின்னத் திரையில் மொழிபெயர்ப்பு ஓடியும் நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கணவர் கண்களை மூடியிருந்தார். மறுபக்கம் அண்ணை சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். கேக்குக்காக வந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மறுவாரம் நாங்கள் கிங்ஸ்பரிக்கு மன்னிப்புப் பரிசோடு போனோம். பரிசை நான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். கணவர் தன் பங்குக்கு ஒரு சொக்லேட் பெட்டியையும் மேசையில் வைத்தார். அதன் மூடியில் ஓபரா மண்டபத்தின் தங்கப் படிக்கட்டு படமாக இருந்தது.

அக்கா படத்தை உற்றுப் பார்த்தார். உள்ளே போனார். இன்னொரு பெட்டியோடு வந்தார். அதே படிக்கட்டு.

"இது மனோர் பார்க் அண்ணை புதன்கிழமை தந்தது. சூரிச்சில வாங்கினதாம்." இரண்டையும் அருகருகே வைத்தார். "மூண்டு பேரும் ஒரே ஷிப்டோ?"

கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். முதல் நாள் கேக்கிலிருந்து முழுவதையும் ஒப்புவித்தார். அக்கா முகம் சுருங்கியது. "சொல்லியிருந்தால் நான் விழா நாளை மாத்தியிருப்பனே" என்றார். எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. தூணுக்குப் பின்னால் அண்ணை பாய்ந்த கட்டம் வந்தபோதுதான் அக்காவுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிறகு, "அப்பிடி என்னதான் பாடினவை? போடும் பாப்பம்" என்று என் கணவரிடம் கேட்டார். அவர் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் கத்துறா" என்றார். "சரி, புட்டு ஆறுது, சாப்பிட வாங்கோ."