கரையில் துண்டு பிடித்தவள்

அன்று காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப் போவேன். பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ். போகும்போது ஜன்னல் ஓரம் உட்காருவாள். வரும்போது என் தோளில் சாய்ந்துகொள்வாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அன்று பாயிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எழுந்துரும்மே. பஸ்ஸு பூடும்."

"போவட்டும். நான் வரலய்யா."

"வரலன்னா இன்னா அர்த்தம்?"

"வரலன்னா வரலன்னு அர்த்தம். கை பாரு, ஊசி குத்திக் குத்தி முருங்கக்காயாட்டம் கீது. போதும்."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் சொல்கிறாள்.

எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் எல்லாம் இரும்புக் கம்பி உருட்டுகிற ரோலிங் மில். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். என் சாட்சி. அதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் ஜெப வீட்டில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கை நீட்டுவார். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. புதிதாகச் சொல்ல எனக்கு அதிகம் கிடைக்காது. ஞானஸ்நானம் எடுத்த நாளையே சொல்வேன்.

நடந்தது இதுதான். மில்லில் சிவக்கக் காய்ந்து வந்த கம்பி ஒன்று உருளைக்குள் போகாமல் துள்ளி வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவன் காலைச் சுற்றிக்கொண்டது. அவன் பிழைத்தான். கால் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு கம்பி பிடிக்கிற இடுக்கியைத் தொட்டாலே என் கை நடுங்கும். அந்தப் பயத்தில்தான் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தேன். அவளும் வந்தாள். எளாவூர்ப் பக்கம் ரோட்டோர ஏரி ஒன்றில் ஒரே நாளில் இரண்டு பேரும் முழுக்கு எடுத்தோம். முதலில் நான், அடுத்து அவள். தண்ணீரிலிருந்து எழுந்தேன். பயம் இல்லை. மறுநாள் இடுக்கியைப் பிடித்தேன். கை நடுங்கவில்லை.

முதல் தடவை மைக்கில் இவ்வளவுதான் சொன்னேன். அடுத்த தடவை, வெளிச்சம் மாதிரி இருந்தது என்றேன். "ஸ்தோத்திரம்" என்று சத்தம் பலமாக வந்தது. அப்புறம் வெளிச்சம் வந்தது என்றேன். ரோட்டில் லாரிச் சத்தமெல்லாம் நின்றுபோனது என்றேன். வேண்டுமென்று சேர்க்கவில்லை. சொல்லச் சொல்ல அப்படி ஆகிவிட்டது. மில்லை மூடி வேலை இல்லாமல் கிடந்த மாசங்களில் அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். மகளுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தபோதும் அதைத்தான் நினைத்தேன்.

நான் எழுந்தாலே பின்வரிசையில் கேலி வரும். "அண்ணே ஏரியில எறங்கிட்டாரு. நாஷ்டா துன்னுட்டு வந்துடலாம் வா."

அவள் மைக்கைத் தொட்டதே இல்லை. பாஸ்டர் கூப்பிட்டால் என்னைக் கைகாட்டுவாள். "எனுக்கும் சேத்து அவரே சொல்லிடுவாரு." அதில் எனக்குப் பெருமை.

அன்று பாய் ஓரத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தைச் சொன்னேன். லாரிச் சத்தம் நின்றதைச் சொன்னேன். அன்று கைவிடாதவர் இன்றும் கைவிடமாட்டார் என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "மைக்கு எங்கய்யா?"

"இன்னா?"

"மைக்கு இல்லாம பேசிக்கினு கீறியே. இது சர்ச்சுக்குச் சொல்றது. எனுக்குச் சொல்லு."

நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. கரை வரவில்லை. மைக்கில் என் குரல் மட்டும் வந்தது. இத்தனை வருஷம் எடுத்து எடுத்துச் சொன்னதில் எல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எழுந்ததும் மொதல்ல இன்னா கேட்ட, ஞாபகம் கீதா?"

"இல்ல."

"டீ கெடைக்குமான்னு கேட்ட. பாஸ்டரு சிரிச்சிட்டாரு. நான் கரையில துண்டு புடிச்சிக்கினு நிக்கிறேன், மானம் போவுது. ஆனா உன் மூஞ்சியப் பாத்தேன். ரொம்ப நாளா அந்தக் களை இல்ல உன்கிட்ட. சரி, இந்தாளு பொழச்சிக்கினான்னு நெனச்சேன். கர்த்தர் கீறாருன்னு எனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

அவள் சொன்னதும் வந்தது. ஈர வேட்டி. பல் அடித்துக்கொண்ட குளிர். அவள் என் தோளில் போட்ட பச்சைத் துண்டு. ரோட்டோரம் டிரைவர்கள் நிற்கிற டீக்கடை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருந்தன. எதுவும் நிற்கவில்லை.

"கையக் குடு," என்றாள். "அடுத்த பஸ்ஸு இன்னாத்துக்குக் கீது?"

போனோம். பெரியபாளையத்தில் பஸ் நின்றபோது இறங்கி டீ வாங்கினேன். அவள் அதிகம் குடிக்கக் கூடாது. என் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னிக்குக் குடிச்ச டீ இத்தவிட நல்லாருந்துது," என்றாள். அவ்வளவு நேரம் பஸ்ஸில் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. அதற்கு அப்புறமும் எத்தனையோ தடவை அதே பஸ்ஸில் போனோம்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "ஏரியில கர்த்தர் செஞ்சத நெனச்சிக்குங்கண்ணே," என்றார். நினைக்கிறேன். இப்போது டீதான் வருகிறது. துண்டு வருகிறது. சில காலைகளில் அது போதுகிறது, எழுந்து வேலைக்குப் போகிறேன். சில காலைகளில் அதற்கு அடுத்தது வருகிறது. துண்டைப் போர்த்திக்கொண்டு நான் கடைக்கு நடக்கிறேன். எனக்குப் பின்னால் அவள் தண்ணீரில் இறங்குகிறாள். நான் திரும்பவில்லை. டீ ஆற்றுகிறவன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் ஈரப் புடவையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "எனுக்கு ஒண்ணு சொல்லுய்யா," என்கிறாள். சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டும் என் மேலேயே இருந்தது.

தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவளுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷம் மைக்கில் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கை நீட்டினார். எழுந்தேன். "நான் எழுந்ததும் டீ கேட்டேன். போய்க் குடிச்சேன். அவ எழுந்தத நான் பாக்கல," என்றேன். பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்தோத்திரமும் வரவில்லை. உட்கார்ந்தேன். பாஸ்டர் மைக்கை வாங்கி, பாட்டு எடுத்தார்.