பல்லுக்கு ஒரு ட்ரயல்

மாஸ்டரம்மா தைத்த கோட்டை யாராவது போட்டுக்கொண்டு போனால் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம், தோள் அப்படி உட்கார்ந்திருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறைக் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் அவள் கைப்பட எழுதிய பலகை: ‘ட்ரயலில் சரி என்று சொன்ன பிறகு குறை சொன்னால் தனிக் கூலி.’

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகைக்கு மேல் அப்பீல் கிடையாது. கோட்டு இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால், “புதுத் துணி விறைப்பாத்தான் இருக்கும். நாலு தரம் போட்டா படிஞ்சிடும்” என்பாள். அதற்கும் மசியாவிட்டால் கத்தரிக்கோலால் பலகையைக் காட்டுவாள். போன மாதம் கணக்கு டீச்சர் ஒருத்தி அக்குளில் இழுக்கிறது என்று வந்து, பலகையைப் படித்துவிட்டு, கோட்டை மடித்துக்கொண்டு போனாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாஸ்டரம்மாவுக்கு வந்தது பல்வலி.

கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷினுக்காகச் சேர்த்த பணத்தில் பாதி அந்தப் பல்லுக்குள் போனது. பில்லைக் கையில் வாங்கியதும் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண்ணிடம் பாய்ந்தாள்.

“படத்துக்குத் தனி, அடைச்சதுக்குத் தனி, மேல மூடுற கேப்புக்குத் தனியா? பல்லு ஒண்ணுதானேம்மா!”

“எக்ஸ்ரே எடுக்காம வேர் எங்க போகுதுன்னு எப்படிக்கா தெரியும்? வேரைச் சுத்தம் பண்ணி உள்ள அடைச்சாதான் மேல கேப் நிக்கும்.”

மாஸ்டரம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. படம் என்றால் அளவு. அடைப்பு என்றால் கோட்டுக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணி. கேப் என்றால் கோட்டு! “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!” என்று பணத்தை எண்ணி வைத்தாள். அவளும் அப்படித்தானே கூலி போடுகிறாள்? ஆனால் கடைசி வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ‘கேப் மாட்டிய பின் சரிபார்ப்பு’ என்று போட்டு, எதிரே ஒரு பூஜ்யம். “ஒண்ணுமில்லாததுக்கு ஒரு வரியா? பேனா மைக்குப் பிடிச்ச கேடு!”

கேப் மாட்டிய அன்று டாக்டரம்மா மை தடவிய நீலத்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னாள். “உயரமா தெரியுதா?”

தெரிந்தது. மற்ற பற்கள் சேர்வதற்கு முன்னால் அது மட்டும் ‘டக்’ என்று இடித்தது. ஆனால் கடையில் வக்கீல் கோட்டு பாதியில் கிடக்கிறது, வக்கீலோ வாசலில் நிற்கிறார். தவிர, புதுசு அப்படித்தானே இருக்கும்? நாலு நாளில் படிந்துவிடும். “சரியா இருக்கு டாக்டரம்மா!”

எங்கே படிந்தது? மூன்றாம் நாள் வாயை மூடினாலே மண்டைவரை மின்னியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் அந்தப் பல்லையே அல்லவா கடிக்க முடியவில்லை! வலியில் இழுத்துக்கொண்டே போன வக்கீல் கோட்டுக்கு ஏழாம் நாள் கை வைத்துத் தைத்தாள். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் இடது கை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “போய்க் காட்டேன்!”

“எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? ட்ரயல்ல சரின்னு சொன்னவ நான்தானே! கேப்பை உடைச்சுப் புதுசு போடணும், முழுப் பணமும் கட்டுன்னு சொன்னா? பல்லே போச்சுன்னு சொன்னா? காஜா மெஷினை மறந்துட வேண்டியதுதான்.”

“லிஃப்ட் ஒரு இஞ்ச் உசரமா நின்னா நாலு பேர் தடுக்கி விழுவான். படிஞ்சிடும்னு விட்டுட்டு வரவா நான்?”

எட்டாம் நாள், மீதமிருந்த பணம் முழுவதையும் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

“ஏம்மா ஒரு வாரம் பொறுத்தீங்க?” என்றாள் டாக்டரம்மா.

“புதுசாச்சே... படிஞ்சிடும்னு பார்த்தேன்.”

“துணிதாம்மா படியும். கேப் எப்படிப் படியும்?”

மறுபடி நீலத்தாள். கடித்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டினாள். கேப்பின் ஓர் ஓரத்தில் மட்டும் நீலப் பொட்டு. மாஸ்டரம்மா வாயைத் திறந்தபடியே கத்தினாள்: “சாக்குக் குறி!” அவளும் இப்படித்தானே கோட்டு இழுக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போடுவாள்! டாக்டரம்மா அந்தப் பொட்டை மட்டும் இழைத்தாள். கடி, இழை. கடி, இழை. பிறகு நாற்காலியை நிமிர்த்தினாள்.

“இப்ப உட்கார்ந்து கடிங்க. படுத்துக் கடிக்கிறது வேற, சாப்பிடும்போது கடிக்கிறது வேற. அன்னைக்கே உட்கார வெச்சும் பார்த்திருக்கணும், அது என் தப்புதான்.”

எல்லாப் பற்களும் ஒன்றாகச் சேர்ந்தன. இடிக்கவில்லை! மாஸ்டரம்மா இன்னொரு முறை கடித்தாள், இன்னும் ஒரு முறை. மிச்ச வலி இரண்டு நாளில் அடங்கும், அடங்காவிட்டால் வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. துள்ளிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்து பையைத் திறந்தாள். “எவ்வளவும்மா?”

அந்தப் பெண் பழைய பில்லைப் பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

மாஸ்டரம்மா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். படுத்துக் கடிக்கிறது வேற... அப்படியென்றால், கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று பார்ப்பது வேறு, கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது வேறு! கடைக்கு ஓட்டமாக ஓடிப்போய் டீச்சருக்குப் போன் போட்டாள். “டீச்சர், அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு உடனே வாங்க!”

டீச்சர் தயங்கித் தயங்கித்தான் வந்தாள். “நாலு தரத்துக்கு மேலேயே போட்டுட்டேன் மாஸ்டரம்மா. போர்டுல எழுதக் கையைத் தூக்கினாதான் இழுக்குது.”

“அதான் தப்பு! அன்னைக்கு உங்களைச் சிலை மாதிரி நிக்க வெச்சுப் பார்த்தேன். தூக்குங்க கையை!”

டீச்சர் தூக்கினாள். அக்குளில் துணி சுருங்கியது.

“இன்னும் மேல.”

“தூக்கறேன். ஆனா...” டீச்சரின் கண் கண்ணாடிக்கு மேலே போனது. “தனிக் கூலி எவ்வளவுன்னு சொல்லலையே?”

மாஸ்டரம்மா சாக்குக்கட்டியோடு அவள் பின்னால் போய் நின்றாள்.

“அந்தப் பலகை கைக்கு எட்டுதா டீச்சர்? கழட்டிக் குடுங்க. எந்த இடத்துல பிடிக்குதுன்னு பார்ப்போம்.”